பேறுகாலக் கடதாசி

ஜன. 14, ஞாயிறு

விடியலிலிருந்து பனி. ஜன்னலின் உள்பக்கத்திலும் ஐஸ். என் மனுசன் நஸீருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, யூனியன்வில்லில் யாரோ வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறார். போகுமுன் எனக்குத் தலையணை அடுக்கி, தண்ணீர் வைத்து, ரெலிபோனைக் கைக்கெட்டும் இடத்தில் இழுத்து வைத்துவிட்டுப் போனார்.

டொக்டர் சொன்னவை: இடப்பக்கம் சரிந்து படு. உப்புக் குறை. படி ஏறாதே. தலையிடி வந்தால், கண்ணுக்குள் பூச்சி பறந்தால், உடனே ஆஸ்பத்திரி. யோசித்துக் கவலைப்படாதே. கடைசியைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறஷர் குறையவில்லை. கால் இரண்டும் வீங்கிப் பாண் மாதிரி.

ஏழு மாதம் முடிகிறது. முதல் பிள்ளை புத்தளம் அகதி முகாமில், ஐந்தாம் மாதம் போய்விட்டது. இரண்டாவது இங்கே, இந்தப் பனி நாட்டுக்கு வந்த பிறகு, ஆறாம் மாதம். இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். பயம்தான் கூடுகிறது.

உம்மாவின் கடதாசி வந்தது. "நாங்கள் எல்லோரும் சுகம், யோசிக்க வேண்டாம்." மூட்டு வலியில் எழும்பவே முடியாமல் கிடக்கிறார் என்று தங்கை ஏற்கெனவே ரெலிபோனில் சொல்லிவிட்டாள். நானும் பதில் எழுதினேன்: "நான் சுகம், யோசிக்க வேண்டாம்." இரண்டு பேருமாக முத்திரைக் காசை வீணாக்குகிறோம்.

ஜன. 17, புதன்

குளிர் கொஞ்சம் குறைவு. ஹாஜரா மதினி வந்தார், நஸீரின் மூத்த சகோதரி. பிக்கரிங்கில் புது வீடு. எங்கள் கட்டடத்தைக் குறை சொல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார்.

"உந்த எலிவேற்றரில நாலுதரம் ஏறி இறங்கினால் எனக்கே பேறு வந்திடும்."

உப்பில்லாத கோழிச் சூப். குடித்து முடிக்கும் வரை காவல் நின்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பச்சைத் துணிப் பொட்டலம். உள்ளங்கை அளவு, சுற்றிவரத் தையல்.

"இதுதான் பேறுகாலக் கடதாசி. இதைத் தலைமாட்டில வைக்காமல் எங்கட குடும்பத்தில ஒருத்தியும் பெத்ததில்லை."

கேள்விப்பட்டிருக்கிறேன். ஏழு மாதம் கடந்தால்தான் கொடுப்பார்கள். நான் இரண்டு முறையும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

"உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு மதினி?"

"துஆ. வேற என்ன? எங்கட வாப்பாவுக்கும் முந்தின ஆக்கள் வைச்சிருந்தது. ஒளு இல்லாமல் தொடாத."

ஊரை விட்டு முஸ்லிம்கள் எங்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்ன அன்று மதினி காப்பு, சங்கிலி எல்லாம் சோதனையில் பறிகொடுத்தார். இதை மட்டும் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் இறங்கும். மற்ற நேரமெல்லாம் ஒலிபெருக்கிதான்.

துணி நைந்துவிட்டது. எனக்கு வேலை வைத்துவிட்டுப் போனார்.

"சும்மாதானே கிடக்கிறாய். பழசுக்கு மேல புதுத் துணி வைச்சுத் தை. பிரிக்காத, என்ன?"

ஓம், சரி என்றேன்.

ஜன. 19, வெள்ளி

நான் பிரிக்கவில்லை. ஊசியை முதல்முறை இழுக்கவே பழந்துணி அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. முகம் கை கால் கழுவி ஒளுச் செய்திருந்தேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

உள்ளே எட்டாக மடித்த தாள். பழுப்பு மை, அறபு எழுத்து. முத்தமிட்டுக் கண்ணில் வைத்தேன். திரும்ப மடிக்கப் போனவள்தான். பாழாய்ப்போன கண் மூன்றாம் வரியில் நின்றுவிட்டது.

அங்கே ஒரு 'ட'. அறபியில் 'ட' கிடையாது. அறபு எழுத்தில் தமிழ் எழுதுவதற்காக எங்களுடைய முன்னோர் புள்ளி வைத்துச் செய்துகொண்ட எழுத்து அது. அறபுத்தமிழ். அந்தக் காலத்தில் எங்கள் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். வாப்பா ஊர்ப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பை, எனக்குப் பிடிவாதமாகப் படிப்பித்தார். மதினிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் இது ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறி ஒன்றும் போடாத வேகமான கையெழுத்து. பிரித்துப் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்காது.

அறபியில் ஓதும் துஆவுக்குள் எப்படி 'ட' வரும்? எழுத்துக் கூட்டினேன்.

"வெள்ளாடு."

பிறகு வாசிக்கவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். பிள்ளை மத்தியானம் முழுக்க அசையவில்லை. நான் திறந்ததாலோ? படித்தவள் மாதிரி என்னை நானே ஏசினேன். ஏச்சு உதவவில்லை. ஆரெஞ்சு ஜூஸ் குடித்த பிறகு ஒரு உதை. அழுதேன்.

ஜன. 20, சனி

நஸீர் கடைக்குப் போன நேரம் முழுதும் வாசித்தேன். புரிந்தபடி எழுதி வைக்கிறேன், சில சொல் அழிந்துவிட்டது:

"எனது நாயகமாகிய உங்களுக்கு ஸலாம். இங்கு யாவரும் ஸலாமத்து. உங்கள் கடதாசி ரங்கூனிலிருந்து வந்தது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று மௌத்து. மற்றது, நீங்கள் உடுக்கும் சாரத்தை வேலியில் காயப்போட, தின்றுவிட்டது. கூரைக்குக் கிடுகு வேயவில்லை. அனுப்பின சீத்தைத் துணி ஒரு முழம் குறைவு, கடைக்காரனைக் கேளுங்கள். கிழக்குத் தெரு மருத்துவிச்சி பேதியில் மௌத்தாகிப் போனாள். புதிதாக வந்தவளுக்கு வயது காணாது, கை நடுங்குது. எனக்கு மாதம் கிட்டுது. பயமாயிருக்குது. இதை உங்கள் உம்மாவுக்குச் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இப்படிக்கு உங்கள் வீட்டார்."

மேலே இஜ்ரி ஆண்டு. இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளின் நடுப்பகுதி. பெயர் இல்லை. வீட்டார், அதாவது மனைவி, அவ்வளவுதான்.

அந்த மனிதர் இதை எறியாமல் ரங்கூனிலிருந்து திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். பிறகு வந்தவர்கள் யாரோ, அறபு எழுத்தைக் கண்டதும் ஓதல் என்று நினைத்துப் பட்டில் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் சாரம் தின்ற ஆட்டைத் தலைமாட்டில் வைத்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

சிரிப்பு வந்தது. அரைவாசியில் நின்றுவிட்டது. அவளுக்கு என்ன நடந்தது?

பிள்ளை தப்பியது. அது நிச்சயம். அந்த வழியில்தானே மதினியும் நஸீரும். தாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு கடதாசியும் இல்லை.

ஜன. 22, திங்கள்

முதல் நோன்பு. எனக்கு நோன்பில்லை. நஸீர் சஹருக்கு ஒரு முட்டையும் பாணும் தின்றுவிட்டு இருட்டோடு போனார். குப்பை போடும் அறையில் மேல்வீட்டுப் பெண்ணிடம் "வைஃபுக்கு ஒன்றுமில்லை, ரெஸ்ற் எடுக்கிறா" என்று சொல்வது கேட்டது.

புதுத் துணி தைத்தாயிற்று. கடதாசி உள்ளே வைக்கவில்லை.

மதினி ரெலிபோனில்:

"கடதாசி தலைமாட்டில இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப பயமில்லைத்தானே?"

"பயமில்லை மதினி."

மதினிக்குச் சொன்னால் என்ன ஆகும்? இதுவரை பெற்ற எல்லாரிடமிருந்தும் எதையோ பறித்தது மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால், அது காக்கும் என்று அவர் நிம்மதியாக இருப்பார், இங்கே நான் மட்டும் ஆட்டோடு கிடப்பேன்.

நஸீரும் பின்னேரம் கேட்டார். "பயமோ?" இல்லை என்றேன். உடனே நோன்பு திறக்கக் கஞ்சி குடிக்கப் போய்விட்டார். கோபம் வந்தது. இல்லை என்றால் நம்புவதா?

வலக்கண்ணில் மினுக்கம். தூசியாக இருக்கலாம்.

ஜன. 25, வியாழன்

தூசி இல்லை.

கிளினிக்கில் பிறஷர் பார்த்த பெண் இரண்டாம் முறையும் பார்த்தாள், பிறகு டொக்டரைக் கூப்பிடப் போனாள். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி, வீட்டுக்குக்கூட விடவில்லை. கையில் ஊசி, வயிற்றில் பட்டி. பிள்ளையின் இதயச் சத்தம் அறை முழுக்க. அது கொஞ்சம் தாமதித்தால் என்னுடையது நிற்கிறது.

மதினி ஓடி வந்தார். சப்பாத்து முழுக்க றோட்டில் கொட்டிய உப்பும் பனியும். முதல் கேள்வி:

"கடதாசி எங்க?"

கைப்பையைக் காட்டினேன். துணி வேறு, தாள் வேறாகக் கிடந்ததைக் கண்டு முகம் மாறிவிட்டது.

"பிரிச்சிட்டியோ?"

"தானாப் பிரிஞ்சது மதினி. இது துஆ இல்லை. கடதாசி. உங்கட ஆக்களில ஒரு பொம்பிளை புருஷனுக்கு எழுதினது."

"விசர்க்கதை கதையாத."

"வாசிக்கிறன், கேளுங்கோ."

தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் வாசிக்கத் தொடங்க இரத்தம் எடுக்கத் தாதி வந்தாள். எங்களைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்து, கை கட்டி, தலை குனிந்து நின்றுவிட்டாள். ஆடு சாரத்தைத் தின்னும் இடம் முழுக்க அவள் அப்படியே நின்றாள். முடிய "ஆமென்" என்றாள். மதினியும் பழக்கத்தில் "ஆமீன்" என்றார்.

அவள் போன பிறகு மதினி கதவைச் சாத்தினார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"நான் மூண்டு பெத்தன்," என்றார். "மூண்டு தரமும் இதைத் தலைக்குக் கீழ வைச்சுக்கொண்டு நடுங்கிக்கொண்டு கிடந்தன். எல்லாருக்கும் பயம் போகுது, எனக்கு மட்டும் ஏன் போகுதில்லை, அல்லாஹ் மேல என்ர ஈமான்தான் குறைவோ எண்டு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

என் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். அழுத்தினால் குழி விழுகிறது.

"இன்னொருக்கா வாசி. ஆட்டிலயிருந்து."

ஜன. 27, சனி

வெளியே என்ன காலநிலையோ தெரியாது, திரை மூடி. பிறஷர் மருந்துக்கு அடங்கவில்லை. ஈரலும் பழுதாகத் தொடங்கிவிட்டதாம். டொக்டர் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை. இன்றைக்கே வெட்டி எடுக்க வேண்டும். பிள்ளைக்கு நுரையீரல் காணாது, மெஷின் வைப்பார்கள். காத்திருந்தால் இரண்டு பேரும் போகலாம். இதையெல்லாம் மெதுவாக, நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

நஸீர் வேலையிடத்திலிருந்து அப்படியே வந்தார். நகத்துக்குள் சீமெந்து. பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். "ஒண்டுமில்லை, எல்லாம் சரிவரும்" என்று தொடங்கினார்.

"எனக்குப் பயமாயிருக்குது," என்றேன். "செத்துப்போவனோ எண்டு பயம். பிள்ளை போயிடுமோ எண்டு பயம். முந்தி ரெண்டு தரமும் பயம்தான். நான் சொல்லேல்லை."

அவர் கதிரையில் உட்கார்ந்தார், சீமெந்துக் கையால் முகத்தைப் பொத்தினார். தோள் குலுங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் கண்டதில்லை, ஊரை விட்டு நடந்த அன்றுகூட.

"நான் காருக்குள்ள இருந்துதான் அழுறனான்," என்றார். "உனக்குக் காட்டக் கூடாதெண்டு."

பயம் போகவில்லை. ஆனால் கையைப் பிடித்தார். கை சொரசொரப்பு. கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்துவிட்டா

ஜன. 29, திங்கள்

பெண். மூன்று றாத்தலுக்குக் கொஞ்சம் கூட, ஒன்றரைக் கிலோகூட இல்லை.

எனக்கு நேற்று முழுக்க நினைவு சரியில்லை. தையல் இழுக்கிறது. மதினி எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்து முடித்துவிட்டு இப்போது தாதிமாருக்குப் பேரீச்சம்பழம் பங்கிடுகிறார்.

இன்று சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டி. மூக்கில் குழாய், நெஞ்சில் கம்பி, தலையில் யாரோ பின்னிய தொப்பி. தோல் சிவப்பு, உள்ளே நரம்பு தெரிகிறது. இன்னும் சில நாள் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

பக்கத்துத் துவாரத்தால் கையை விடச் சொன்னாள் தாதி. விரல்நுனி வரை விட்டேன். எடுத்துவிட்டேன். திரும்ப விடச் சொன்னாள். பயப்படாதே என்றாள்.

"பயமாத்தான் இருக்குது," என்றேன் தமிழில், யாரிடமென்று இல்லாமல்.

பிள்ளை தலையை என் பக்கம் திருப்பியது.