பெட்டரி மேல் தவறில்லை, மச்சான்

என் அன்பு மச்சான் தங்கவேலு,

எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்குப் பேச்சு வரும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே, சொல்லப்போவது இவை:

1. வசந்தியின் கல்யாணச் செய்தி.
2. நம் ஏழாம் நம்பர் பாட்டைப் பற்றித் தெரியவந்த ஒரு விஷயம்.
3. அந்தப் பாட்டை அவள் கல்யாணத்தில் வாசிக்கக் கூடாது என்பதற்கு என் நியாயங்கள்.

இதை வேறு பேரும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

உன் மகளுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை மொனராகலையில் பள்ளிக்கூட ஆசிரியர். "இன்னொரு மாஸ்டரா? இருக்கிற ஒன்னையே சமாளிக்க முடியல" என்று நீ என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பாய். வருகிற வெள்ளிக்கிழமை நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். வசந்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் மணவறைக்கு வரும்போது ஏழாம் நம்பரை வாசிக்க வேண்டுமாம். அவள் சிறுமியாக இருந்தபோது நீ கொடுத்த வாக்கு அது.

உன் வயலின் இல்லாமல் எப்படி வாசிப்பது? நம் குழுவில் ராமையாவின் தப்பு மேளமும் என் மெண்டலினும்தான் மிச்சம். இத்தனை வருஷமும் உன் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்து வாசித்தவன் நான். பிழைவிட்டாலும் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் மேடையேறினேன்.

நம் குழு எப்படி உண்டானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை செய்த அயர்லாந்துத் தாதி ஒருத்தி, ஊருக்குப் போகும்போது ஒரு கசெட்டை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மேலே எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது. பாட்டுக்குப் பெயர் தெரியாததால் நம்பர் போட்டோம். தேயிலைத் தூள் ஆக்குகிற ஸ்டோரில் டீமேக்கர் வேலை முடிந்து நீ வந்ததும், உன் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பழகினோம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிக்கிற தப்பு, அந்த நாட்டு ஆட்டப் பாட்டுக்கு அப்படி ஒட்டும் என்று யார் நினைத்தார்கள்?

அப்போது தோட்டத்து வீடுகளுக்குக் கரண்ட் வரவில்லை. பெட்டரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் போட்டோம். அப்புத்தளை மூட்டத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஆறு பாட்டு துள்ளிக்கொண்டு ஓடும். ஏழாவது வந்தால் இழுக்கும். "பெட்டரி இறங்கிருச்சு" என்பாய் நீ. நானும் தலையாட்டுவேன். இழுவையைச் சரிக்கட்ட, மற்றப் பாட்டுகளின் வேகத்துக்கே அதையும் வாசிக்கப் பழகினோம். புதுப் பெட்டரி வாங்குவதற்குள் நாடா சிக்கி அறுந்துவிட்டது. அதன் பிறகு அப்புத்தளையிலும் கொஸ்லந்தையிலும் பண்டாரவளையிலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஏழாம் நம்பரைத்தான் முதலில் கேட்டார்கள்.

இப்போது இரண்டாவது விஷயம். நாட்டில் சண்டை ஓய்ந்ததும் வெள்ளைக்காரர்கள் மறுபடி மலைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். போன கிழமை விருந்தினர் விடுதியில் நானும் ராமையாவும் வாசித்தோம். அயர்லாந்திலிருந்து வந்த வயதான தம்பதி முன்வரிசையில் இருந்தார்கள். தங்கள் ஊர் கெல்டிக் இசையை இங்கே தப்போடு கேட்பதில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஏழாம் நம்பர் தொடங்கியதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்து, மிகத் தயங்கி, அது தங்கள் ஊரில் சவப்பெட்டியின் பின்னால் நடக்கும்போது வாசிக்கிற பாட்டு என்றார். சரியான வேகத்தில் பாடியும் காட்டினார். கசெட்டில் கேட்ட அதே இழுவை, மச்சான். பெட்டரி ஒரு நாளும் இறங்கவில்லை.

ராமையாவுக்குத் தமிழில் சொன்னேன். தப்பைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்ப நாம இத்தன வருசமா சாவுப் பாட்டு வாசிச்சா கல்யாணம் பண்ணி வச்சிருக்கோம், மாஸ்டர்?"

அவனே யோசித்துவிட்டுத் தொடர்ந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. அந்தப் பண்டாரவளை ஜோடி மட்டுந்தான் பிரிஞ்சிருச்சு. அதுவும் பாட்டால இல்லீங்க, மாமியாரால."

மூன்றாவதாக என் நியாயங்கள். தெரியாமல் வாசித்தது வேறு, தெரிந்துகொண்டே வாசிப்பது வேறு. அவள் தகப்பனில்லாத பிள்ளை. நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் ஊர் இதைத்தான் சொல்லும். மூன்றாவது நியாயம் எனக்கே வெட்கமானது: பாட்டு வேண்டாம் என்றாகிவிட்டால், நான் முன்னால் நின்று வாசிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கல்யாணத்துக்கு முன் எழுதியது. மீதியைக் கல்யாணம் முடிந்த இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

புதன்கிழமை வசந்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சேலைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டரிக் கதையைக் கேட்டு நூல் சிக்கிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மாமா, அப்பாவ தூக்குறப்ப நீங்க ஒன்னுமே வாசிக்கலயே."

நம்மிடம் இருந்ததெல்லாம் ஆட்டப் பாட்டு, அதை எப்படி அன்றைக்கு வாசிப்பது என்று கேட்டேன்.

"இருந்திருக்குல்ல? வெள்ளிக்கெழம வாசிங்க. மொதல்ல அந்தம்மா பாடுன மாதிரி மெதுவா. அது அப்பாவுக்கு. பொறகு உங்க மாதிரி. அது எனக்கு."

ஊர் என்ன சொல்லும் என்றேன்.

"ஊருக்கு நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

வாசித்தேன். மண்டபத்தில் முதலில் அந்த அம்மா பாடிய வேகத்திலேயே தொடங்கினேன். அந்த வேகத்தில் ஒளிய இடமே இல்லை. ஒவ்வொரு சுரமும் தனியாக நின்று கேட்டது. இரண்டு இடத்தில் பிழைவிட்டேன், எல்லாருக்கும் கேட்டது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வசந்தி அவசரப்படாமல் நடந்து வந்தாள். உன் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பெண் மணவறையில் உட்கார்ந்ததும் ராமையா தப்பில் கைவைத்தான். அவ்வளவுதான். மொனராகலையிலிருந்து பஸ்ஸில் வந்து அலுத்துப்போயிருந்த மாப்பிள்ளை வீட்டார் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஐயர், மந்திரத்தை நிறுத்திவிட்டு, எப்போது முடியும் என்று என்னைப் பார்த்தார். எனக்கே தெரியவில்லை.

இதை எழுதி, ஊருக்கு இப்போது நானே சொல்லிவிட்டேன். சொன்னால் சொல்லட்டும்.

உன் திவசத்தன்று உன் குழிமேட்டுக்கு மெண்டலினோடு வருவேன். அன்றைக்கு வாசிக்காததை, ஒரு சுரமும் அவசரப்படுத்தாமல், உனக்கு வாசிப்பேன். முடிவில் இரண்டு சுற்று வேகமாக அடிக்க அனுமதி வேண்டும் என்று ராமையா கேட்கிறான். கொடுத்துவிட்டேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். முதலாவது சரி, இரண்டாவது சரி. மூன்றாவது பிழை, மச்சான்.

உன் மகளுக்குத் தாய்மாமன் இடத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுத்த,
உன் மச்சான்
கதிரேசன்