உண்மையாவே நிப்பாட்டினா

செவ்வாய்க்கிழமை, இரவு.

உடம்பெல்லாம் அலுப்பாக் கிடக்கு. நித்திரைதான் வரல்ல.

பின்னேரம் வேலையால வந்து படலையைத் திறக்கக்குள்ளயே உள்ளுக்குச் சத்தம். அவரும் என்ர தம்பியும்தான். டிவி ரெஸ்லிங்கில பெரிய வீரன் ஒருத்தனை, கொம்பனிக்காரன் ரிங்குக்குள்ள வச்சே வேலையால நிப்பாட்டிட்டானாம். அது உண்மையோ நடிப்போ எண்டு ரெண்டு பேரும் மல்லுக்கட்டினாங்க.

"அவன் அழுதவன் அத்தான், நான் கண்டன். அழுகையும் பொய்யோ?" எண்டான் தம்பி.

அவர் கிழிஞ்ச வலையைத் தைச்சுக்கொண்டே சொன்னார். "உண்மையாவே நிப்பாட்டினா ஊரறியக் கத்திச் சொல்லுவானோடா? ஒரு பக்கமாக் கூப்பிட்டு மெல்லமாச் சொல்லி அனுப்பிடுவான். அழுறதுக்கும் நேரம் வராது."

இண்டைக்குக் கார்மென்ட் பெக்டரியில சூப்பவைசர் என்னை அப்பிடித்தான் கூப்பிட்டாள். தையல் மெஷின் சத்தத்துக்குள்ள, "நாளையில இருந்து வரத் தேவையில்ல" எண்டு காதோட சொன்னாள். கழுத்தில கிடந்த கார்ட்டைக் கழட்டி வாங்கினாள். நான் "சரி மிஸ்" எண்டன். நாலு பேர் பாக்கச் சொல்லியிருந்தா நானும் அழுதிருப்பனோ, தெரியா.

"நீ சொல்லக்கா, ஆர் சரி?" எண்டு தம்பி கேட்டான்.

"அத்தான்தான் சரி."

அந்த நேரமே சொல்லியிருக்கலாம். மறுகா சொல்லுவம் எண்டு அடுப்படிக்குப் போயிட்டன்.

இப்ப தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனன். அவர் தோணிக்குப் போக முதல் என்ர சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி, நாளைக்கெண்டு கவுத்து வச்சிட்டுப் போயிருக்கார்.