தெரியாமல் குடித்தவர்கள்

3-6-74, திங்கள்

சம்மதித்துவிட்டார்! விஷம் குடித்து காஷுவாலிட்டிக்கு வருகிறவர்களிடம் நான் பேசிப் பார்த்த பிறகுதான் இனி வீட்டுக்கு அனுப்புவாராம். பெரிய டாக்டர் சுயம்புலிங்கத்தின் வாயிலிருந்து இதை வரவழைக்க மாதக்கணக்கில் நச்சரித்திருக்கிறேன். "ஜமீலா, மனநல வகுப்புக்குப் போனதிலிருந்து என் உயிரை எடுக்கிறே" என்றார். எடுக்கிறேன், அதனால் என்ன? லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தனியாகச் சிரித்திருக்கிறேன் போல. பூக்காரி ஒரு மாதிரி பார்த்தாள்.

4-6-74

எல்லாருமே தெரியாமல் குடித்தவர்கள்தான். உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ். வீட்டார் அப்படிச் சொல்கிறார்கள், நாங்களும் அப்படியே எழுதுகிறோம். எழுதிய பிறகு ஏன் குடித்தாய் என்று யார் கேட்பது?

6-6-74

தங்கம். கோடம்பாக்கத்தில் செட் போடும் ஆசாரி வைரவனின் மனைவி. "தெரியாம குட்சிட்டா டாக்டரம்மா" என்கிறான் அவன். அவளோ சிரித்த முகமாக, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். பெரிய டாக்டர், "கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கு. சும்மா மிரட்டல். காலையிலே அனுப்பிடு" என்றார்.

வைரவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு நேராகவே கேட்டேன், சாக நினைத்தாயா என்று. கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்று நர்ஸ் பயமுறுத்தியிருந்தாள். அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

"சாவ அவ்ளோவே போதும்னு நென்ச்சிக்கினேன்மா."

அவன் வெளியூர் படப்பிடிப்புக்குக் கிளம்பிய பிறகு கதவைத் தாழிட்டிருக்கிறாள். மறந்துவிட்ட உளிக்காக அவன் திரும்பி வந்திருக்காவிட்டால்? இப்போது வீட்டுக்குப் போனால் என்ன செய்வாய் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

குடித்தது கொஞ்சம் என்றால் சாக நினைத்ததும் கொஞ்சமா?

7-6-74

கத்திவிட்டேன். பெரிய டாக்டரிடமே. "அனுப்ப மாட்டேன் சார், என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வயிற்று வலி என்று எழுதி ஒரு வாரம் வைத்துக்கொள் என்றார்.

தங்கத்தின் சம்மதத்தோடு, அவள் சாக நினைத்ததை வைரவனிடம் சொன்னேன். அழுதான். மறுபடி அந்த நினைப்பு வந்தால் அவள் உன்னிடம் சொல்ல வேண்டும், சொன்னால் நீ திட்டக்கூடாது என்றேன். தலையாட்டினான். செய்வானா?

9-7-74, செவ்வாய்

தங்கமும் வைரவனும் வந்தார்கள். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "இனி பயமில்லையே?" என்றார். தெரியாது சார் என்றேன். உண்மையில் தெரியாதுதான்.

அந்த நினைப்பு மறுபடி வந்ததா என்று தங்கத்திடம் நேராகவே கேட்டேன். முந்தானையை முறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"நேத்து தோணிச்சும்மா. இவராண்ட சொன்னேன். வேலைக்குப் போவாம பக்கத்துலயே குந்திக்கினு இருந்தாரு."