அய்யாவுக்கு ஒரு கீழ் ரூம்

நவ. 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. வழக்கம்போல முதல் பஸ்ஸில் சாயல்குடி போய், அம்மா போன பிறகு தனியாக இருக்கும் அய்யாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அய்யாவின் வலது கையில் மறுபடியும் கொப்புளம். கேட்டால், "லேசா சூடு பட்டுருச்சு தாயி, விடு." பக்கத்து வீட்டு பாண்டியம்மா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காப்பி போட அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டு நழுவி முனை தீயில். அவருக்கு வாடை வந்ததே தவிர எது எரிகிறது என்று தெரியவில்லை. அக்கா ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.

"நான் அங்கன நின்னேன், பாத்தேன். நிக்காட்டி என்னாயிருக்கும் தேவி?"

கருகிய துண்டை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் ஆள் நிழல் மட்டும். ரிட்டையர் ஆகும்வரை பஸ் ஓட்டியவர். வெள்ளைச் சுவருக்கும் வாசலுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையால் தடவிக்கொண்டு போகிறார். பார்க்க முடியவில்லை.

உச்சிப்புளி பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு மறுபடி போன் போட வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நவ. 4, செவ்வாய்

லேப்பில் கூட்டம். காய்ச்சல் சீசன். டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் அப்படியே திரும்பி வந்தது.

மதியம் போன். இல்லத்து வார்டன் ஜெயந்தி மேடம்: "கீழ இன்னும் காலியாகல தேவி. மாடியில ஒண்ணு இருக்கு, தரட்டா?"

மாடி எப்படி? எங்கள் வாடகை வீடும் மாடிதான். அய்யா போன வருஷம் இங்கே ராமநாதபுரத்தில் எங்களோடு வந்து இருந்தபோது படியில் உருண்டார். இடுப்பு தப்பியது சாமி புண்ணியம். நான் லேப் வேலை, என் வீட்டுக்காரர் மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனி, மகள் மதுரையில் காலேஜ். பகல் முழுக்க அய்யா மட்டும் பூட்டின வீட்டில். ஒரு நாள் பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஜெயில்ல கூட பேச்சுத் துணைக்கு ஆளு உண்டு தாயி. என்னைய ஊர்ல கொண்டுபோய் விடு."

எத்தனை காலமாக இது நடக்கிறது? போன வருஷம் பொங்கல் கழித்து இல்லம் பற்றிப் பேச்செடுத்தேன். கோபம். மாதக்கணக்கில் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவரே, "அந்த எடத்தப் போய்ப் பாத்துட்டு வருவமா." பார்த்தார். பிடித்தது. இல்லத்தில், கண் ஆபரேஷன் முடியட்டும் என்றார்கள். முடிந்தது, பிரயோஜனமில்லை. அப்புறம் சர்க்கரை குறையட்டும். குறைந்தது. அப்புறம் டாக்டர் சர்ட்டிபிகேட். கொடுத்தோம். அப்புறம் ரூம் இல்லை. இன்னும் இல்லை. மகளைக் காலேஜில் சேர்க்க ஒரே நாள்தான் ஆனது.

கீழ் ரூம் எப்படிக் காலியாகும்? அங்கே இருக்கிற யாராவது போக வேண்டும். அதை மனசில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் போன் போடுகிறேன். இதற்கு மேல் இதை எழுத வேண்டாம்.

கேஸ் புக் பண்ண வேண்டும். மாவு புளித்துவிட்டது.

நவ. 10, திங்கள்

வந்துவிட்டது!

ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கப் போகும்போது போன். ஜெயந்தி மேடம். "கீழ ஒண்ணு காலி. ரோட்டுப் பக்கம், சத்தமா இருக்கும், பரவாயில்லையா? இருபத்தி மூணாந் தேதி ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துரணும். ஒங்களுக்குப் பின்னாடி ரெண்டு பேரு காத்துருக்காங்க."

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். "என்னம்மா, எனக்கு எதுவும் பெரிய வியாதியா?" இல்லைங்கய்யா, எனக்கு நல்ல சேதி என்றேன்.

ஏன் காலி என்று கேட்கவில்லை. தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அய்யாவுக்குப் போன். முதல் கேள்வியே, "அங்கன இருந்தவன் செத்துட்டானா?"

"தெரியலய்யா."

"கேளு. செத்தவன் கட்டில்ல படுக்க எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா யாருன்னு தெரிஞ்சுக்கிறணும்."

ஒரே ஒரு சிக்கல். பெற்ற பிள்ளைகள் எல்லாரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன்!

நவ. 11, செவ்வாய்

கேட்டேன். சாகவில்லை! ரிட்டையர்டு வாத்தியாராம். மகனோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது மகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா மடியில ஒக்காரு" என்று இறக்கிவிட்டானாம். அன்று சாயங்காலமே மதுரைக்குக் கிளம்பிவிட்டார். பாதிப் புத்தகங்களை எடுக்காமலே.

"நல்லா இருக்கட்டும்" என்று லேப்பில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அய்யாவிடம் சொன்னேன். "அப்ப சரி. நல்ல ரூமு" என்றார்.

திருப்பூருக்குப் போன். அண்ணன் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து எடுத்தான்.

"ஊர்ல என்னைய என்னன்னு பேசுவாய்ங்க? ரெண்டு பிள்ளையப் பெத்தும் ஆசிரமத்துல தள்ளிட்டாய்ங்கன்னுதான."

"ஆசிரமம் இல்லண்ணே. ரூமு, சாப்பாடு, நர்சு எல்லாம் இருக்கு. அய்யாவே பாத்துட்டுத்தான் சரின்னாரு."

"எல்லாம் ஒண்ணுதான். நான் வந்து கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப நீ கூட்டிட்டுப் போண்ணே."

பின்னால் அண்ணி என்னமோ கேட்பது காதில் விழுந்தது. "பாக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

நவ. 14, வெள்ளி

நல்ல மழை. பஸ் ஸ்டாண்டு முன்னால் முழங்கால் தண்ணீர். செருப்பு வார் அறுந்தது.

அண்ணன் போனை எடுப்பதில்லை. ஜெயந்தி மேடத்திடம் கெஞ்சிப் பார்த்தேன், நான் மட்டும் போட்டால் ஆகாதா என்று. "ஒருத்தர் சேத்துட்டுப் போவாங்க, இன்னொருத்தர் வந்து வாசல்ல நின்னு கத்துவாங்க. பாவம், நடுவுல பெரியவங்கதான் முழிப்பாங்க. அண்ணனக் கூட்டிட்டு வாங்க தேவி." அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

வீட்டுக்காரர்: "நான் பேசட்டுமா?" வேண்டாம் என்றேன். தங்கச்சி மாப்பிள்ளை பேசினால் இன்னும் முறுக்கிக்கொள்வான்.

ரூம் போய்விடும். போய்விட்டால் மறுபடி எத்தனை மாதம்? அந்த அடுப்பு. அந்தத் துண்டு. இரண்டு நாளாக லேப்பில் நோயாளிகள் பேரை மாற்றி எழுதிவிடுகிறேன்.

நவ. 16, ஞாயிறு

சாயல்குடி. முற்றத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பாண்டியம்மா அக்கா செங்கல் போட்டு வைத்திருக்கிறாள். கண் தெரியாதவர் செங்கல் மேல் எப்படி நடப்பார்?

மறைக்க முடியவில்லை. அண்ணன் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அய்யா தாடையைத் தடவினார்.

"என் போன்ல போடு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வையி."

அவர் நம்பரைப் பார்த்ததும் எடுத்துவிட்டான்.

"ஏலே, அய்யா பேசுறேன்."

"சொல்லுங்கய்யா."

"என்னைய நீ வச்சுக்கிறியா?"

"இல்லய்யா... இங்க ரெண்டே ரூமு. பிள்ளைக படிப்பு வேற..."

"தப்புன்னு சொல்லலடா. வச்சுக்கிறியான்னுதான் கேட்டேன்."

அங்கே டிவி சத்தம் கேட்டது. யாரோ அணைத்தார்கள்.

"ஊர்ல கேப்பாங்கய்யா."

"ஊர்ல எவன்டா எனக்கு வெந்நி வச்சுத் தாரான்? பாண்டியம்மா ஒருத்திதான் எட்டிப் பாக்குறா. அவகிட்ட கேட்டுட்டேன். போயிட்டு வாங்கண்ணேங்குறா. நீயும் தள்ளல, ஒன் தங்கச்சியும் தள்ளல. நானாத்தான் போறேன். நீ வந்து நில்லு, போதும்."

அய்யா போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சனிக்கெழமை ராத்திரி பஸ்ஸு ஏறு. கடைசி சீட்டு வேணாம், தூக்கித் தூக்கிப் போடும்."

"சரிங்கய்யா" என்றானா, வெறும் "ம்" என்றானா, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

போனை என்னிடம் நீட்டினார். "டீயப் போடு தாயி, சீனி கொஞ்சம் தூக்கலா." சர்க்கரைக்காரர். போட்டுக் கொடுத்தேன்.

நவ. 19, புதன்

வாங்கியவை: கைலி 2, சொம்பு, பெட்ஷீட், பல்பொடி (பேஸ்ட் ஆகாது), வழுக்காத செருப்பு. மணியடிக்கும் சுவர்க் கடிகாரம் அய்யா கேட்டார். ராமநாதபுரம் முழுக்க அலைந்து வீட்டுக்காரர் ஒன்று கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் வைத்துச் சோதித்தோம். மகள் போனில், "அம்மா, அது என்ன கோயில் மணியா?"

அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வருவானா?

நவ. 23, ஞாயிறு

வந்தான். விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்து, தாடி. கையில் ஒரு பை நிறைய புதுப் பனியன், அய்யாவுக்கு. "டீ குடிக்கிறியா" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

கார் பிடித்து சாயல்குடி. அய்யா குளித்து, வெள்ளை வேட்டி சட்டையோடு தயார். கதவை நானேதான் பூட்டுவேன் என்றார். பூட்டைத் தடவித் தடவிப் பூட்டிச் சாவியைப் பாண்டியம்மா அக்காவிடம் கொடுத்தார். அக்கா அழுதாள். "ஏன்த்தா அழுகுற, ஒனக்கும் ஒரு வேல கொறஞ்சுச்சு" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வழியெல்லாம் டிரைவருக்கு உபதேசம். இங்கன வளைவு, இங்கன மாடு குறுக்க வரும். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். எல்லாம் சரி.

உச்சிப்புளி தாண்டி இல்லம். கையெழுத்து. அண்ணன் பேனாவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். போட்டான்.

அப்புறம் ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். உச்சிப்புளிக் கடையில் நைலான் கயிறும் கொக்கியும் வாங்கிக்கொண்டு வந்தான். ஜெயந்தி மேடத்திடம் கேட்டு, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரோரமாக இழுத்துக் கட்டினான். அய்யாவின் கையைப் பிடித்து அதில் வைத்து, "இதப் புடிச்சுக்கிட்டே போங்கய்யா" என்றான். அய்யா போனார், வந்தார். மறுபடி போனார், வந்தார். "நல்லாத்தான்டா கட்டிருக்க." காலையிலிருந்து வாடிக் கிடந்த அண்ணன் முகம் அப்போதுதான் தெளிந்தது.

அடுத்த ரூமில் காதர் பாய். புதுமடத்துக்காரர், ரொம்ப காலம் துபாயில் இருந்தவர். வாசலில் வந்து நின்றார்.

"டிரைவராமே? எந்த ரூட்டு?"

"சாயல்குடி, ராமநாதபுரம்."

"அப்ப கீழக்கரையில நான் கை காட்டக் காட்ட நிப்பாட்டாமப் போனது நீங்கதானா?"

"படி வரைக்கும் ஆளு தொங்கியிருக்கும் பாய்."

"ஒரு ஆளு கூடத் தொங்கல! நான் பாத்தேன்ல!"

அய்யா சிரித்த சிரிப்பு. அம்மா போன பிறகு இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது அண்ணன் கேட் வரை வந்துவிட்டுத் திரும்பினான். "நீ போ தேவி. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. நான் இங்கன கொஞ்சம் இருக்கேன்."

வீட்டுக்கு வந்தேன். அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. பசித்தது. சோறும் நெத்திலிக் குழம்பும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நவ. 26, புதன்

அய்யா போன். புகார்கள்: சாம்பாரில் உப்பு இல்லை. கடிகாரம் ராத்திரி அடிப்பதால் பாய் திட்டுகிறார். அண்ணன் தினமும் போன் போடுகிறான், "அவன் தொல்ல தாங்கல."

ரோட்டுச் சத்தம் தொல்லையா என்றேன். "அது எதுக்கு நிக்கணும்? போற வண்டி எதுன்னு பாய்க்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

சாயங்காலம் ஒரு காதுகுத்துக்குப் போனேன். சொந்தக்கார அத்தை ஒருத்தி, "அய்யாவக் கொண்டுபோய் விட்டுட்டீங்களாமே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "அவரே போயிட்டாரு அத்தை." முன்பென்றால் கூசியிருப்பேன். பந்தியில் உட்கார்ந்தபோது அதே அத்தை மெதுவாக, "அந்த எடத்து நம்பரு இருந்தா குடு தேவி. எங்க மாமனாருக்கு..."

கொடுத்தேன். நேரமாகும் அத்தை, இப்பவே பேர் குடுத்து வையுங்க என்றேன்.

நவ. 29, சனி

மழை விட்டு வெயில். துணியெல்லாம் மொடமொடவென்று.

நாளை பார்க்கப் போகலாம் என்று முறுக்குச் சுட்டேன். சுட்டு முடிக்கையில் அய்யா போன்.

"நாளைக்கு வராத தாயி."

"ஏன்யா? ஒடம்புக்கு ஏதும்...?"

"ஒடம்புக்கென்ன. நாங்க அரியமான் கடக்கரைக்குப் போறோம், வேன்ல."

"நாங்கன்னா யாருய்யா?"

"நாங்கதான்" என்றார், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. "பாய், நானு, மாடி ஆளுக நாலஞ்சு பேரு. டிரைவரு புது ஆளாம். நான் முன்னாடி ஒக்காந்தாத்தான் சரிப்படும். வச்சுர்றேன், சாப்பாட்டு மணி அடிச்சுட்டாய்ங்க."

வைத்துவிட்டார்.

முறுக்கு டப்பாவோடு நின்றேன். "அப்ப நாளைக்கு நான் என்ன செய்ய?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, "தூங்கு" என்றார்.