மதகடியில் நிற்கச் சொன்னார்

அக்டோபர் 6, திங்கள்

மேகமூட்டம். காற்று துளி இல்லை. காலையில் ஏரி நடை, வழக்கம்போல. மதகுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, கசிகிற தண்ணீரின் சத்தம் கேட்டேன். அப்போது உடம்பு முன்னும் பின்னும் ஆடும். ஆடட்டும். இது இல்லாவிட்டால் அன்றைய நாள் எனக்கு ஓடாது.

வாங்க வேண்டியது: உளுந்து, பல்பு, காதில் வைக்கப் பஞ்சு. தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறது, தெருப் பிள்ளைகள் இப்போதே வெடிக்கிறார்கள்.

கேளம்பாக்கம் ஆபீஸ் மீட்டிங், வீட்டிலிருந்தே. கேமரா போட வேண்டாம் என்று மேனேஜர் தானாகவே சொன்னார். நல்ல மனிதர்.

அம்மாவின் வத்தக்குழம்பு பிரமாதம். பகலும் அதே, மாலையும் அதே.

அக்டோபர் 7, செவ்வாய்

வரிசையாக எழுத வேண்டும்.

மதகடியில் இருந்தேன். ரோந்து வண்டி வந்தது. குடித்துவிட்டு ஒரு ஆள் தண்ணீர் ஓரம் தள்ளாடுகிறான் என்று புது அபார்ட்மெண்டிலிருந்து யாரோ போன் செய்தார்களாம். அந்த ஆள் நான்தான். வண்டியிலிருந்து ஒரு ஏட்டு இறங்கினார் (இனிமேல் ஏ.). ஐம்பது வயது இருக்கும். பேர் என்ன, வீடு எங்கே, பையில் என்ன. ஒன்றுக்குப் பதில் யோசிப்பதற்குள் அடுத்தது. கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னார். கண்ணைப் பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். பேச வேண்டுமானால் சட்டையைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். வாயில் வந்தது இதுதான்:

"மூணாவது பட்டன் நூல் விட்டிருக்கு சார்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. முகம் மாறிவிட்டது.

மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டினேன். ஆட்டிசம் என்ற இடத்தை மறுபடி மறுபடி படித்தார். பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றார். எப்படித் தெரிய வேண்டும் என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்குள் அவருடைய மைக்கில் இரைச்சல் (வாக்கி டாக்கியை மைக் என்கிறார்கள்). பெருங்களத்தூரில் ஏதோ லாரி மோதல். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இங்கயே நில்லு, வர்றேன்" என்றார். வண்டி போய்விட்டது.

நின்றேன்.

மழை பிடித்தது. நின்றேன். டிபன் நேரம் போனது, ஆபீஸ் நேரமும் போனது. நடைக்குப் போனை எடுத்துப் போகும் பழக்கம் இல்லை. போலீஸ் நிற்கச் சொன்னால் எல்லோரும் நிற்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் நிற்க மாட்டார்களாம். வண்டி திரும்பியதும் நடையைக் கட்டிவிடுவார்களாம். அம்மா சொல்கிறாள். இது எல்லோருக்கும் எப்படித் தெரிகிறது? பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்த அன்று நான் லீவா?

கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஏரி முனையில் மீன் விற்கும் அக்கா, கூடை காலியாகித் திரும்பும்போது பார்த்தார். "இன்னா தம்பி, காலைல நான் வர்றப்பவே இங்க நின்னுகினு இருந்த. வூட்டுக்குப் போலியா?" என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. என்னிடம் நம்பர் கேட்டு அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா வரும்வரை அவர் குடை என் தலைக்கு மேல், அவர் பாதி நனைந்தபடி. வேறு கேள்வியே கேட்கவில்லை. அது பெரிய உதவி.

அம்மா ஆட்டோவில் வந்தாள். வா என்றாள். ஏ. இன்னும் வரவில்லையே என்றேன். அம்மா அழுதுவிட்டாள். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். யாரோ ஒருவர், நான் யாரென்றே தெரியாமல், போகச் சொல்லுங்கம்மா என்றார். அதன் பிறகுதான் என் கால் நகர்ந்தது.

அம்மாவின் தீர்ப்பு: இனி ஏரிக்குத் தனியாகப் போகக் கூடாது.

அக்டோபர் 8, புதன்

தும்மல். கஷாயம். நடை இல்லை. மொட்டை மாடியில் சுற்றினேன். தொட்டி நிரம்பும் சத்தம் மதகுச் சத்தம் ஆகாது.

அம்மா கூட வருகிறேன் என்கிறாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கூட ஆள் இருந்தால் நான் கண்ணை மூட மாட்டேன். மூடாவிட்டால் எதற்குப் போக வேண்டும்?

புகார் கொடுக்கலாம் என்கிறாள். ஏ. திட்டு வாங்குவதால் எனக்கு என்ன லாபம்? எனக்கு ஏரி வேண்டும். முப்பத்து மூன்று வயது ஆகிறது. கோபமாக வருகிறது. அம்மா மேல் இல்லை. நில் என்று சொல்லிவிட்டு எதுவரை என்று சொல்லாமல் போனால் அது பாதி வாக்கியம். மீதியை நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

புழுக்கம். ஸ்டேஷன், அம்மாவோடு.

உள்ளே: துடிக்கும் டியூப்லைட். மைக் இரைச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சு. பெஞ்சில் ஒரு பெண் அழுகை. வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியம் வெளியே வரவில்லை. எனக்குப் பதில் அம்மா ஆரம்பித்தாள், எனக்கு அது பிடிக்காது. ஏ. அடையாளம் கண்டு எழுந்து வந்தார். "வெளிய வாங்க சார், இங்க ஒரே பேஜாரு" என்றார்.

வெளியே, பிடித்து வைத்த பைக்குகள் துருப்பிடிக்கும் இடம். மைக் சத்தத்தைக் குறைத்தார். என்னைப் பார்க்காமல் பைக்குகளைப் பார்த்து நின்றார். வேண்டுமென்று செய்தாரா, சங்கடமா, தெரியவில்லை. எனக்குச் சௌகரியம். வாக்கியம் வந்துவிட்டது.

"நில்லுன்னு சொன்னா எப்ப போலாம்னும் சொல்லணும் சார். இல்லன்னா நான் நின்னுட்டே இருப்பேன்."

மழையிலுமா என்று அம்மாவிடம் கேட்டார். ஆமாம் என்றாள். லாரி மோதல் களேபரத்தில் என்னைச் சுத்தமாக மறந்துவிட்டாராம். கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல நில்லுன்னு சொல்லி ஒர்த்தனும் நின்னதில்ல சார். ஓடத்தான் பாத்துகீறேன். நின்னது நீங்க ஒர்த்தர்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். ரோந்துக்காரர்களிடம் சொல்லி வைக்கிறேன், தம்பி எப்போதும்போல வரட்டும் என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லுங்கள் என்றேன். உடனே என் பக்கம் திரும்பி மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

வீடு வந்ததும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மாலையில் வாழைக்காய் பஜ்ஜி. தட்டை வைத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து போ, ஆனால் போன் பையில் இருக்க வேண்டும் என்றாள். சம்மதம். ரொம்ப சந்தோஷம். பஜ்ஜியும் நன்றாக இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

இளம் வெயில். ஏரி. தனியாக. போன் பையில்.

மழையால் மதகில் தண்ணீர் கூடியிருக்கிறது, சத்தம் தடிமனாக. மீன்கார அக்கா உடம்பு தேவலையா என்று கேட்டார். சங்கரா மீன் வாங்கினேன். யார் ஆய்வது என்று அம்மா கேட்பாள். நான்தான்.

ரோந்து வண்டி நின்றது. ஏ. மட்டும் இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீரைப் பார்த்தார். கேள்வி எதுவும் இல்லை. பட்டன் இன்னும் அப்படியே. சொல்லவில்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றார், தெளிவாக, நிறுத்தி. சரி என்று சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெகு நேரம் கழித்துத் திறந்தால், அதே இடத்தில் அவர். கண் மூடியபடி. வண்டியில் மைக் கத்திக்கொண்டிருந்தது.

"நீங்களும் போலாம் சார்" என்றேன்.