பத்தொன்பது குளிர்காலத்துப் புகை

தங்கச்சி குய்ஷியாவுக்கு,

உன் மூத்த அண்ணன் யோங்ஷான் எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். அங்கே உன் மூச்சு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. மற்ற விசேஷங்களை என் தம்பி, உன் வீட்டுக்காரன் யோங்லின் போனில் சொல்லிவிடுகிறான்.

நீ அனுப்பிய பார்சல் முந்தாநாள் வந்தது. பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாச் சட்டை அளவெடுத்த மாதிரி இருக்கிறது. இங்கே குளிர் மைனஸ் முப்பது டிகிரிக்கும் கீழே போய்விட்டது, கழற்றவே மனசில்லை. உப்புக் கோஸை இரண்டே நாளில் தீர்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில், நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு நாட்காட்டித் தாள். வருஷம் முழுக்கத் தினம் ஒன்றாகக் கிழித்துச் சேர்த்திருக்கிறாய், நான் புகையிலை சுருட்ட. இத்தனை நடந்த பிறகும் அதை அனுப்ப உனக்கு எப்படியம்மா மனசு வந்தது? முதலில் சிரித்தேன். பிறகு சூடேறிய அடுப்பு மேடைப் படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். கடைசியில் அதை அடுப்பில் போட்டு வெந்நீர் வைத்தேன்.

போனில் பேசக் கூடாதா என்பாய். போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். என் தம்பியோ போனை மேஜை மேல் வைத்துவிட்டு டிவி பார்ப்பான். அதனால்தான் கடிதம்.

நாய்க்குச் சோறு வைக்க ஆளில்லை என்று சொல்லிக்கொண்டு குளிர்காலம்தோறும் தங்குகிற உங்கள் வீட்டிலிருந்து பாதியிலேயே கிளம்பி வந்தேனே, அது பொய். பக்கத்து வீட்டுக் கிழவன் சூய் அதற்கு எலும்பாகப் போட்டு நன்றாகவே வளர்த்திருந்தான். நான் கிளம்பியதற்குக் காரணம் ஆஸ்பத்திரி.

அன்றைக்கு உன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலில்தான் நின்றேன். உள்ளே வெளியே எல்லாம் கூட்டம், கதவு சாத்தவே இல்லை. எத்தனை வருஷமாகப் புகை பிடிக்கிறீர்கள் என்று அந்த டாக்டரம்மா உன்னைக் கேட்டார். பிடித்ததே இல்லை என்றாய். அவர் உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"புடிக்காதவங்க நெஞ்சு மாதிரி இல்லையேம்மா இது. மூச்சுக்குழல் இவ்வளவு சுருங்கியிருக்கு. வீட்ல யாராச்சும் புடிக்கிறாங்களா?"

"யாரும் இல்லீங்க டாக்டர்."

யோசிக்கக்கூட இல்லை நீ. யோங்லின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பொம்பளை திரும்பி என்னையும் கோட்டையும் பார்த்து மூக்கைச் சுளித்தாள். எனக்கு மானம் போகக் கூடாது என்று நீ பொய் சொன்னாய். டாக்டரிடமே மறைத்தால் அவர் எதற்கு மருந்து கொடுப்பார்?

மறுநாள் காய்கறி வாங்கப் போகும்போது யோங்லினைப் பிடித்தேன். உன் அப்பா புகையிலை பிடிப்பாரா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "மாமாவா? அவருக்கு ஊதுபத்தி வாசமே ஆகாதுண்ணே. தெருவில யாராச்சும் பத்த வெச்சாலே எதிர்ப்பக்கம் போயிடுவாரு" என்றான்.

இப்போது நீ சொல்லு குய்ஷியா. முதல் குளிர்காலத்தில் நான் மரியாதையாக மாடிப்படியில் நின்றுதான் பிடித்தேன். நீ கதவைத் திறந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாய். மூத்தவரை வெளியே நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று கட்டடமே பேசும் என்றாய். சரி, அது நியாயம். அதோடு விட்டிருக்கலாம். "எங்கப்பாவும் புடிப்பாரு, எனக்கு அந்த வாசம் புடிக்கும்ணே" என்று ஒன்று சேர்த்துச் சொன்னாயே, அது எதற்கு?

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பினதோடு நிறுத்தவில்லை. நீ மாவு பிசைந்து கொழுக்கட்டை மடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாவம், அப்பா ஞாபகம் வரட்டும் என்று கூடுதலாக ஒன்று பற்ற வைப்பேன். எனக்கே வேண்டாத நாளிலும் உனக்காகப் பிடித்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தாலே நீங்கள் ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதப் பட்டை ஒட்டி அடைத்துவிடுவீர்கள், பங்குனி வரை திறப்பதில்லை. நான் விட்டதெல்லாம் உன் நெஞ்சைத் தவிர வேறெங்கே போயிருக்கும்? நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமுவாய். துணி துவைக்கிறாய் என்று நினைத்தேன். என்னைவிடப் பெரிய முட்டாள் இந்த ஊரில் இல்லை.

இங்கே வந்து விட்டுவிட்டேன். இன்றோடு முப்பத்தெட்டு நாள். பெருமைக்குச் சொல்லவில்லை, முதல் பத்து நாள் சுவரைச் சுரண்டாத குறை. சூரியகாந்தி விதையாகக் கொறித்து நாக்குத் தோல் உரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, நீட்டுகிறவர்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சிகரெட்டை நீட்டுவார்கள், வாங்காவிட்டால் முகத்தில் அடித்த மாதிரி. வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன். ஒரு நாள் இரண்டு காதிலும் சேர்த்து மூன்று இருந்தது. கிழவன் சூய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னப்பா, பட்டணத்துக்குப் போயிட்டு வந்ததும் துரை ஆயிட்டியா? என் சிகரெட்டு கசக்குதோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான்.

"கசக்கல. நான் ஊதினதெல்லாம் என் தம்பி பொண்டாட்டி நெஞ்சுல கெடக்கு" என்றேன்.

அவன் வீட்டு அடுப்பு மேடையின் மறுகோடியில் சூயின் மனைவி பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் வருஷக்கணக்காக இருமுகிறவள்தான், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வோம். சூய் அவளைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். மறுநாளிலிருந்து சோளக்கதிர் கொட்டகையில் போய் நின்று பிடிக்கிறான். உன்னால்தான் நான் இந்தக் குளிரில் விறைக்கிறேன் என்று என்னைத் தினமும் வைகிறான்.

இங்கே மருந்தகத்தில் இருக்கிற நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சுருங்கினது பழையபடி ஆகாதாம். ஆனால் புகை நின்றால் மேலும் மோசமாவது குறையுமாம், இதயத்துக்கும் நல்லதாம். திரைச்சீலை, கனமான போர்வையில் எல்லாம் வாசம் தங்கிவிடும் என்றும் சொன்னாள். யோங்லினை விட்டு என் அறைத் திரையைக் கழற்றித் துவைக்கச் சொல். நீ தூக்காதே. டாக்டரிடமும் மறுபடி போய் உண்மையைச் சொல், என் பெயரைப் போட்டே சொல்.

உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரி செத்துப்போன வருஷம், ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து, இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டு என்னைக் கூட்டிப் போனாய். வெயில் விழுகிற அறையை எனக்குக் கொடுத்தாய். பத்தொன்பது குளிர்காலம். அண்ணன் எப்போது ஊருக்குப் போவார் என்று ஒரு நாளும் நீ யோங்லினிடம் கேட்டதில்லை. உங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு, கேட்டிருந்தால் என் காதில் விழுந்திருக்கும். பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள். சோற்றை நினைத்தாலும் சட்டையை நினைத்தாலும் உன் முகம்தான் வருகிறது.

நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் கோப்பையைத் தூக்கி, அண்ணன் தன் வாழ்க்கையையே எங்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்று யோங்லின் ஆரம்பிப்பான், உனக்குக் கண் கலங்கும். அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தரவுப்படி வீட்டுக்கு ஒருவர் தூரத்துப் பண்ணை வேலைக்குப் போயாக வேண்டும், ஒருவர் நகரத்தில் இருக்கலாம். அவன் போக வேண்டியது, நான் பெயர் கொடுத்தேன். அதெல்லாம் நிஜம். ஆனால் ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் ஒரு டிராக்டர் படம் ஒட்டியிருந்தார்கள். சக்கரம் ஆள் உயரம். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதை ஓட்டத்தான் வந்தேன். யோங்லினை அனுப்பியிருந்தாலும் பின்னாலேயே ஓடி வந்திருப்பேன். நீங்கள் நன்றி சொன்னபோதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். இனி நீ எனக்கு எதற்கும் கட்டுப்பட்டவள் இல்லை.

நீ புத்தாண்டுக்கு வரச் சொல்கிறாய் என்று யோங்லின் மூன்று தடவை போன் செய்துவிட்டான். வர ஆசைதான். இங்கே தனியாகக் கொழுக்கட்டை மடித்தால் எல்லாம் வாய் பிளந்துகொள்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. உங்கள் புகை என் நெஞ்சைக் கெடுத்துவிட்டது, எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன் தெரியுமா என்று உன் கையால் எழுது. கோபமாக எழுது. 'பரவாயில்லை' என்ற வார்த்தை அதில் எங்கேயும் வரக் கூடாது.

விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை. பத்தொன்பது வருஷமாக நீ என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

நீ நீண்ட நாள் நல்ல மூச்சோடு இருக்க வேண்டும், என்னைத் திட்டவாவது.

தபால்காரனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கும் உன் அண்ணன்,
லுவான் யோங்ஷான்