கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஊர் மருந்தகம், நாரின் மலைப்பக்கம்
8 அக்டோபர் 2016

என் ஷைருக்கு,

குல்பாரா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நர்ஸ் படிப்பு விடுதியில் ஒரே கம்பளிக்குள் படுத்தவள், தலைநகர் பிஷ்கெக்கில் ஆராய்ச்சிக்காரி ஆனதும் மாதம் ஒரு வரிகூட எழுதுவதில்லை. போகட்டும்.

இலவச ரத்த அழுத்த மாத்திரைக்கான அழைப்புக் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் முதல் தேதிக்குள் அறுபது நிறைந்தவர்களுக்கு மட்டும்தானாம். என் வீட்டுக்காரர் சபாருக்கு வரவில்லை. அவர் பிறந்தது ஜூனில், கோடை மேய்ச்சலில். மாமனார் மந்தையை இறக்கிவிட்டு வந்து பதிந்த செப்டம்பர் பன்னிரண்டுதான் அட்டையில் இருக்கிறது. பாதி ஊருக்கும் இதே கதைதான். அவருக்கு நூற்றெழுபது காட்டுகிறது. அவரையும் சேர்த்துவிடட்டுமா? "மச்சினியக் கேளு, அவ சொன்னாச் சரி" என்று உன்னைத்தான் சொல்கிறார்.

உன் குல்பாரா

பிஷ்கெக்
19 அக்டோபர் 2016

அன்புள்ள குல்பாராவுக்கு,

வேண்டாம்டி. தணிக்கைக்கு வந்தால் உன் வேலை போய்விடும். அட்டையில் இருப்பதுதான் தேதி.

எங்கள் பிரிவில் அந்தத் தேதிகளைக் கொண்டாடுகிறார்கள், தெரியுமா? மாத்திரையும் கடிதமும் மனிதர்களை என்ன செய்கின்றன என்று பார்க்க, ஒரே மாதிரி இரண்டு கூட்டம் வேண்டும். உனக்கு உண்டு, உனக்கு இல்லை என்று நாங்களே சீட்டுக் குலுக்கினால் ஊர் சும்மா விடுமா? உங்கள் மாமனார்கள் மலையிறங்கிய நாளே எங்களுக்காகக் குலுக்கி வைத்திருக்கிறது. செப்டம்பர் ஒன்று என்ற கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மனிதர்கள். அதனால் கடிதம் வராதவர்களுக்கும் மாதாமாதம் அளந்து எழுதி அனுப்பு.

அத்தானுக்கு ஒன்றும் ஆகாது. உப்புத் தயிர் உருண்டையைக் குறைக்கச் சொல்.

முத்தங்களுடன்,
ஷைர்

ஊர் மருந்தகம்
2 மார்ச் 2017

ஷைர் கண்ணு,

குளிர்கால மாதங்களின் பக்கங்களை வேன்காரர் எர்மெக்கிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே குதிரைக்கறித் தொத்திறைச்சியும் இருக்கிறது, உன் அதிகாரிக்குக் கொடுத்துவிடாதே.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. கடிதம் வராதவர்கள் தங்களுக்கு நோயே இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். முன்பு காசு கொடுத்து வாங்கி விழுங்கிய மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். சபார் கடைவீதியில் நின்று, "கடுதாசி வந்தவன்லாம் கெழவன், வராதவன் எளந்தாரி" என்று கேலி பேசுகிறார். மாத்திரையை நீட்டினால், "மச்சினியே ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிட்டாளே, நீ எதுக்குப் பதறுறே?" என்கிறார்.

உங்கள் கணக்கில் ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் சொல், நான் இவர்களைப் பயமுறுத்தியாவது விழுங்க வைக்கிறேன்.

குல்பாரா

பிஷ்கெக்
11 மார்ச் 2017

அன்புள்ள குல்பாராவுக்கு,

தொத்திறைச்சி தீர்ந்தே போயிற்று. பாதியை அதிகாரி தின்றுவிட்டார், மன்னித்துவிடு.

கணக்கில் இன்னும் எதுவும் தெரியவில்லை. இன்னும் சில மாதங்கள் ஆகும். நீ யாரையும் பயமுறுத்தப் போக வேண்டாம். அவரவர் போக்கில் விடு, பார்த்ததை எழுது, அது போதும். இளந்தாரி அத்தானுக்கு என் அன்பு.

ஷைர்

ஊர் மருந்தகம்
3 டிசம்பர் 2017

ஷைர் அவர்களுக்கு,

மாவட்ட மருத்துவமனை டாக்டர் பெண் உன் கட்டுரையைக் கணினியில் காட்டினாள். "அக்கா, உங்க பேரு வந்திருக்கு" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டாள். உத்தரவை அணுவளவும் மீறாத செவிலி என்று எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். நானும் பெருமையோடு உட்கார்ந்தேன். வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

கடிதம் வராதவர்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள், அவர்களுக்குத்தான் பக்கவாதம் அதிகம் வருகிறது. இந்த முதல் முடிவை, மற்ற ஊர்ப் பக்கங்களை வைத்தே, பிப்ரவரியில் அல்மாத்தி கூட்டத்தில் வாசித்தீர்களாம். பிப்ரவரியில், ஷைர். நான் உன்னைக் கேட்டது மார்ச்சில்.

மே மாதம் ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்த சபார் அப்படியே சாய்ந்தார். வலது கை போயிற்று, பேச்சில் பாதி போயிற்று. பதிவேட்டில் அதை நான்தான் எழுதினேன். ஜூனில் நீ வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்தப் பக்கங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வேன் ஏறினாய். கட்டுரையில் ஒரு படம், நடுவில் கோடு, வாரத்துக்கு ஒரு புள்ளி. செப்டம்பர் இரண்டாம் வாரத்துப் புள்ளி எது என்று கேட்டேன். டாக்டர் பெண் விரல் வைத்துக் காட்டினாள். அதற்குள் சபார் இருக்கிறார்.

என் மேலும் குற்றம் உண்டு. நான் நர்ஸ், பெண்டாட்டி. திணித்தாவது விழுங்க வைத்திருக்க வேண்டும். ஆனால் நான் இருபது வருஷமாகச் சொன்னதைக் கேட்காத மனுஷன், உன் ஒரு வரியை நம்பினார். நானும் நம்பினேன்.

இனி பக்கங்கள் வராது. இந்த வாரத்திலிருந்து, கடிதம் வந்தவருக்கும் வராதவருக்கும் மாத்திரை கொடுக்கிறேன். கொடுத்ததை அப்படியே பதிவேட்டிலும் எழுதுகிறேன். தணிக்கைக்காரர்கள் வரட்டும்.

அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நேற்று வேன் சத்தம் கேட்டதும், வராத வாயால், "மச்சினி... கடுதாசி?" என்று கேட்டார். எர்மெக் கொடுத்த உன் கடிதம் என் பைக்குள் பிரிக்காமல் கிடந்தது. வரவில்லை என்றேன். இனி எத்தனை வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

குல்பாரா